நேர்ந்தது அத்தை, செலுத்துவது நாங்கள்

அத்தை நேர்ந்துகொண்டால் மொட்டை அடுத்தவர் தலைக்கு. அல்லிநகரத்தில் எங்கள் தெருவில் இது தெரியாத ஆள் கிடையாது. தெரியவில்லை என்றால் குடிவந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை என்று அர்த்தம்.

எனக்கு அவள் சொந்தமில்லை. எதிர்வீடு. நான் கல்யாணமாகி வந்தபோது தெருவே அவளை அத்தை என்றது, நானும் அத்தை என்றேன். பிறகு என் மகளும் அத்தை என்றே கூப்பிட்டாள். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் ரகம் பிரிக்கிற வேலை அவளுக்கு. சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி வரும்போது முதலில் ஏலக்காய் வாசனை வரும். பின்னாலேயே விசாரணை வரும்.

"என்னடி, மூஞ்சி வாடிக் கெடக்கு? வீட்ல யாருக்கும் மேலுக்கு முடியலையா?"

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுநாள் விடிவதற்குள் நம் பேரில் ஏதோ ஒரு சாமியிடம் பேச்சு முடிந்திருக்கும். அந்த அனுராதபுரத்து மத்தியானம் மட்டும் வராமல் இருந்திருந்தால் இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். இப்போதும் சிரிப்பு வருகிறது, ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது.

என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். அவருக்கு மீசை என்றால் உயிர். குடல்வால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று அத்தை தூக்குவாளியில் கஞ்சியோடு வந்து நின்றாள்.

"மருமகனே, பழனிக்கு முடி சொல்லிருக்கேன். மீசையும் சேத்து."

"மீசையா? அது எதுக்கு அத்தை?"

"தலமுடியத்தான் எல்லாரும் குடுக்குறாகளே. முருகன் பாக்காத முடியா? உங்களுக்கு ஆசை மீசை மேல. ஆசப்பட்டதக் குடுத்தாத்தான் அங்கன எடுபடும்."

தையல் பிரித்த கையோடு பழனிக்குப் போய் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தார். உதட்டுக்கு மேலே உரித்த கோழி மாதிரி இருந்தது. ஒரு மாதம் கடையில் முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டே வேலை பார்த்தார்.

எல்லா சாமியும் அவளுக்கு ஒன்றுதான். உத்தமபாளையத்தில் அவளுக்குத் தெரிந்த ஜவுளிக்கடை பாய் ஒருவர். அவர் மகனுக்கு வெளிநாட்டு விசா வராமல் இழுத்துக்கொண்டே கிடந்தது. இவள் ராயப்பன்பட்டி மாதா கோயிலில் போய், விசா வந்தால் அந்தப் பையன் உயரத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுவார்கள் என்று வேண்டிக்கொண்டுவிட்டாள். விசா வந்தது. பாய் தலையில் கைவைத்தார்.

"ஏந் தாயி, எங்க பள்ளிவாசல் பக்கமே சொல்லக் கூடாதா?"

"அங்கன நீங்கதான் அஞ்சு வேளையும் கேக்குறீகளே பாய். ஒரே வாசல்ல எத்தன பேரு போயி நிக்கிறது?"

அவர் சிரித்துவிட்டார். உயரமான மெழுகுவத்தி கிடைக்காமல் சின்னதாகக் கட்டுக் கட்டாக வாங்கி, "நீயே ஏத்திரு" என்று அவள் கையில் கொடுத்தனுப்பினார்.

தனக்கென்று மட்டும் அவள் எதுவும் கேட்க மாட்டாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். முறத்தில் இருந்த ஏலக்காயைத் தள்ளிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். "அந்த மனுசன் படுத்துக் கெடந்தப்ப எனக்குன்னு கேட்டேன்டி. கெடைக்கல. எனக்குக் கேட்டா ராசியில்ல." அவள் புருஷனைப் பற்றி என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

கும்பிடுகிற விதம் ஒன்று உண்டு அவளுக்கு. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கூப்புவாள். முழங்கை இரண்டும் காதை ஒட்டி நிற்கும். கண்ணை இறுக மூடிக்கொள்வாள். பக்கத்தில் வெடி போட்டாலும் திறக்க மாட்டாள். கூட்டத்தில் ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்துக் கும்பிடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "என்ன, சாமிக்குச் சலாம் வக்கிறாகளா? கேக்க வந்தா ரெண்டு கையையும் முழுசாக் குடுக்கணும்" என்பாள்.

என் மகளைத் தூக்கி வளர்த்ததில் பாதி அவள்தான். அதை மறைக்கவில்லை. மகள் ரெண்டாம் வகுப்புப் படித்தபோது சித்திரையில் அத்தை அவளை வீரபாண்டி கௌமாரியம்மன் தேருக்குக் கூட்டிப்போய் வடம் பிடிக்க வைத்துவிட்டாள். எனக்கு வயிற்றுவலி நின்றதற்கு நேர்ந்ததாம். வலி எனக்கு, வடம் பிள்ளைக்கு! உள்ளங்கை சிவந்துபோய் வீட்டுக்கு வந்தது.

"பாதியில விட்டுட்டு வரவேண்டியதுதானே?" என்று பிள்ளையை அதட்டினேன்.

"விடக் கூடாதும்மா. தேரு நெலைக்கு வர்ற வரைக்கும் விடக் கூடாதாம். விட்டா சாமி நடுரோட்டுல நின்னுருமாம். அத்தை சொன்னாக."

அன்றைக்கு எதிர்வீட்டு வாசலில் நின்று நான் போட்ட சண்டையைத் தெருவே கேட்டது. அத்தை மட்டும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் பாட்டுக்கு என் பிள்ளை கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம்தான் இலங்கைக்குப் போனோம். தேனியில் ஒருத்தர் ஆள் சேர்த்துக் கூட்டிப்போனார். மதுரையில் விமானம் ஏறினால் கொழும்பு. நாங்கள் மூன்று பேரும் போவதைக் கேட்டு அத்தையும் வந்தாள். விமானம் ஓடத் தொடங்கியதுமே அதை ஓட்டுகிறவருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துவிட்டாள். பாவம், அந்த மனுஷர் இன்றுவரை விஷயம் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்.

கண்டியிலிருந்து கிளம்பிய அன்று பௌர்ணமி. அங்கே அதைப் போயா என்கிறார்கள். ஊரே விடுமுறை. அனுராதபுரத்துக்குப் போகிறோம், அது புத்தருடைய பழைய நகரம், எல்லாரும் வெள்ளை உடுத்துங்கள் என்று கூட்டிப்போனவர் சொல்லியிருந்தார். மகளுக்கு வெள்ளைக் கவுன் போட்டேன். மலைப்பாதையின் வளைவுகளில் எனக்கு வாந்தி நிற்கவில்லை. அத்தை மகளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வேன் டிரைவரிடம் விசாரணையை ஆரம்பித்துவிட்டாள். மாத்தளைப் பக்கத்துத் தமிழ்ப் பையன். மனைவிக்குத் தலைப்பிரசவம், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வண்டி எடுத்திருக்கிறான். "அடப்பாவி, இத மொதல்லயே சொல்ல வேணாமா?" என்றாள் அத்தை. எனக்குப் புரிந்துவிட்டது, இன்று இவன் மாட்டினான் என்று.

மாத்தளையில் ஒரு வாசனைத் தோட்டத்தில் இறக்கினார்கள். கறுவாப்பட்டை, ஜாதிக்காய், மிளகுக்கொடி, வனிலா எல்லாம் காட்டினார்கள். ஏலக்காய்ச் செடி வந்ததும் எங்கள் கூட்டம் மொத்தமும் சிரித்தது. "இத பாக்கவா கடல் தாண்டி வந்தோம்?" என்றார் என் வீட்டுக்காரர். சிரித்துவிட்டுத் திரும்பினால் மகளைக் காணோம்.

தோட்டத்து வாசலில் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு புத்தர் சிலை. அதன் முன்னால் அத்தை, கைகளைத் தலைக்கு மேலே தூக்கி, கண்ணை மூடி நிற்கிறாள். பிள்ளை பக்கத்தில் இல்லை. மரம் மரமாகத் தேடினேன். நல்லவேளை, கொக்கோ மரத்தடியில் உட்கார்ந்து ஏதோ காயை உருட்டிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து அத்தையிடம் நிறுத்தினேன்.

"அத்தை, ஊரு தெரியாத ஊரு. இவ கைய விடாதீக."

"எங்கடி போகப்போறா? இங்கனதான நிக்கிறா."

"விடாதீகன்னு சொல்றேன்ல?"

"சரி, விடல."

அப்போதே மகளை என்னிடம் வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார். அவரும்தான் சும்மா வந்தார், அவர் வைத்துக்கொண்டிருக்கலாமே. நான் அடுத்த வளைவுக்குப் பாலிதீன் பையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அனுராதபுரத்துக்கு உச்சிவெயிலில் போய்ச் சேர்ந்தோம். ருவன்வெலி என்று ஒரு பெரிய வெள்ளைத் தூபி. மலையைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கிறது. சுற்றுச்சுவர் முழுக்க வரிசையாக யானைகள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்தரையில் கால் வைத்தால் தோசைக்கல். எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளைச் சேலை, வெள்ளைச் சட்டை, கையில் தாமரை. எங்கள் ஊர்த் திருவிழாக் கூட்டம்தான், ஆனால் சத்தமில்லாத கூட்டம்.

நானும் வீட்டுக்காரரும் செருப்பை ஒப்படைத்துவிட்டுப் பூ வாங்கப் போனோம். அத்தையும் மகளும் கைகோத்து முன்னால் போனார்கள். தாமரையோடு நாங்கள் உள்ளே போனபோது பூ வைக்கிற மேடைக்கு முன்னால் அத்தை நின்றாள். இரண்டு கையும் தலைக்கு மேலே. கண் மூடியிருக்கிறது. உதடு மட்டும் அசைகிறது.

"அத்தை, பிள்ள எங்க?"

கண்ணைத் திறக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். திறந்தாள். வலது பக்கம் குனிந்து பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு மறக்காது. பிள்ளை நின்ற இடத்தில் கல்தரைதான் இருந்தது.

"இங்கனதான் நின்னா. இப்பத்தான். அந்த டிரைவர் பொண்டாட்டிக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு..."

யாரோ முகம் தெரியாதவளுடைய பிள்ளைக்காக என் பிள்ளை கையை விட்டிருக்கிறாள்! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனால் கத்த நேரமில்லை. வீட்டுக்காரர் டிரைவரைக் கூட்டிக்கொண்டு போலீஸ் இருக்கும் இடத்துக்கு ஓடினார். நான் தூபியைச் சுற்றி ஓட ஆரம்பித்தேன். அத்தை பின்னாலேயே வந்தாள்.

வெள்ளைக் கவுன் போட்ட பிள்ளை என்று எப்படித் தேடுவது? எல்லாப் பிள்ளையும் வெள்ளைக் கவுன்தான் போட்டிருக்கிறது. ஒவ்வொன்றின் முகத்தையும் திருப்பிப் பார்த்தேன். அவர்களுடைய அம்மாக்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். ஒரு அம்மா தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி சிங்களத்தில் ஏதோ கேட்டாள். உயரத்தைக் கையால் காட்டினேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அந்த அமைதியில் என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. சிங்களத்துக்கு நடுவில் என் மகளின் பேர் மட்டும் எனக்குப் புரிந்தது.

மறுபக்கம் வந்தபோது மரங்களுக்கு அப்பால் தண்ணீர் பளபளத்தது. பெரிய குளம். என் மகளுக்குத் தண்ணீரைக் கண்டால் நிற்கத் தெரியாது. முல்லையாற்றில் எத்தனை தடவை இடுப்பில் கயிறு கட்டாத குறையாகப் பிடித்திருக்கிறேன். அந்தக் குளத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வரவில்லை.

பக்கத்தில் அத்தை மூச்சு வாங்க நின்றாள். அவளும் குளத்தைப் பார்த்துவிட்டாள். கை இரண்டும் தானாக மேலே போயின.

"ஆத்தா, கௌமாரி... எம் புள்ள கெடச்சிட்டா..."

நான் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

"நேராதீக! இனிமே எம் புள்ளைக்கு நீங்க ஒண்ணும் நேர வேணாம்! கும்புடப் போயித்தான தொலைச்சீக? கைய வச்சுத் தேடுங்க!"

அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தது. அத்தை வாயை மூடிக்கொண்டாள். அவள் வாய் பேச்சுக்கு நடுவில் மூடி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"நான் கொளத்துக்குப் போறேன். நீங்க இந்தப் பக்கம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் படியை நோக்கித் திரும்பினேன்.

அப்போது மேளச் சத்தம் கேட்டது. தூபியைச் சுற்றி ஒரு ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. காவி நிறத்தில் நீளமான துணி. அதன் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். தூபிக்குச் சாத்துகிற துணியாம், பிற்பாடு டிரைவர் சொன்னான்.

அத்தை என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். கண் அந்தத் துணி மேலேயே இருந்தது.

"ஏடி, அது வடம்டி."

"விடுங்க அத்தை, கொளம்..."

"அவளுக்கு அது வடம்டி! கொளத்துக்குப் போகமாட்டா. வாடி!"

சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அவள் ஊர்வலத்துக்கு எதிராக ஓடினாள். எனக்குக் குளத்துக்கு ஓடுவதா, இவள் பின்னால் ஓடுவதா தெரியவில்லை. ஒரு நிமிஷம் அங்கேயே நின்றேன். பெற்றவளுக்கு அந்த ஒரு நிமிஷம் என்னவென்று சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. பிறகு அவள் பின்னால் ஓடினேன்.

அத்தை முகம் எதையும் பார்க்கவில்லை. துணியைப் பிடித்திருந்த கைகளைத்தான் பார்த்துக்கொண்டே போனாள். துணியின் கீழ் ஓரத்தில், பெரிய கைகளுக்கு அடியில், இரண்டு சின்னக் கைகள் எக்கிப் பிடித்திருந்தன. வியர்த்துக் கொட்டி, நுனிக்காலில் நடந்துகொண்டு, முகத்தில் அப்படி ஒரு பொறுப்போடு வந்துகொண்டிருந்தாள் என் மகள். பக்கத்தில் நடந்த வயதான அம்மா தன் குடையை அவள் தலைக்கு மேலே பிடித்திருந்தாள்.

நான் பாய்ந்துபோய் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அவள் துணியை விடவில்லை.

"விடுடி!"

"இன்னும் நெலைக்கு வரலம்மா!"

நான் ஓங்கிய கையை அத்தை பிடித்துக்கொண்டாள். ஒரு கையால் துணியைப் பிடித்தாள், இன்னொரு கையால் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தாள். நடந்தாள். நானும் நடந்தேன். நான் பிடித்தது துணியை அல்ல, மகளின் கவுனை. அந்தக் காவித்துணி சுற்றி முடித்து மேடைக்குப் போகிறவரை மூன்று பேரும் அப்படியே போனோம். வழியில் எங்களைப் பார்த்த வீட்டுக்காரர் கீழே உட்கார்ந்துவிட்டார். அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் டிரைவருக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. வேனில் எல்லாரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். எவ்வளவு தாமரை, எத்தனை விளக்கு என்று அவள் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்கள். அத்தை "சந்தோசம் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊருக்கு வந்த பிறகும் அப்படித்தான். தெருவில் ஆட்கள் தாமாகவே வந்து கேட்டார்கள். "அத்தை, மகனுக்குப் பரிச்ச வருது, ஒண்ணு சொல்லிவிடுங்க." "நீயே போயிக் கேளு" என்பாள். கோயிலுக்கு வந்தால் வலது கையை நெஞ்சில் வைத்துக் கும்பிடுவாள். இடது கை பக்கத்தில் யாரையோ பிடித்திருப்பதுபோல வெறுமனே விரிந்து நிற்கும். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"என்ன அத்தை, சாமிக்குச் சலாமா?"

"வச்சா வச்சிட்டுப் போறேன்" என்றாள்.

குத்திக் காட்டத்தான் கேட்டேன். எனக்கு அவள் மேல் கோபம் போகவில்லை. பேசாமல் இருக்கவில்லை, குழம்பு கொடுத்தேன், வாங்கிக்கொண்டேன். ஆனால் மகளை அவளோடு தனியாக எங்கேயும் அனுப்பவில்லை. கண்டுபிடித்தவளும் அவள்தான் என்று வீட்டுக்காரர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். தொலைத்தவளும் அவள்தானே என்பேன். அந்தக் குளம் கனவில் வருகிற அன்றைக்கெல்லாம் எதிர்வீட்டுப் பக்கம் பார்க்கவே மாட்டேன்.

போன சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனோம். அத்தை அதற்கடுத்த வாரம் திருப்பூரில் இருக்கிற மகனோடு போய்விட முடிவாகியிருந்தது. முழங்கால் வலி, தனியாக இருக்க முடியவில்லை. மகள் இப்போது என்னைவிட உயரம். கூடப் படிக்கிற பிள்ளைகளைக் கண்டால் எங்களைத் தெரியாத மாதிரி நடப்பாள். அம்மன் முன்னால் நெரிசல். அத்தை வழக்கம்போல வலது கையை நெஞ்சில் வைத்து நின்றாள். இடது கை பக்கத்தில் காலியாக விரிந்திருந்தது.

மகள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தக் கையை எடுத்து, வலது கையோடு சேர்த்து வைத்தாள்.

"ரெண்டு கையாலயும் கும்புடுங்க அத்தை. நான் எங்கயும் போகல. இங்கனதான் நிக்கிறேன்."

சொல்லிவிட்டு அத்தையின் முந்தானையை எடுத்துத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். அத்தை மெதுவாகக் கையைத் தூக்கினாள். தலைக்கு மேலே, முழங்கை காதை ஒட்ட, பழையபடி. கண்ணை மூடினாள். வெகுநேரம் திறக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். மகள் முந்தானையை விடாமல் அவர்களை முறைத்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெளியே வந்து பொரிகடலை வாங்கும்போது கேட்டேன்.

"எம்புட்டு நேரம்! யாருக்கு நேந்தீக?"

"உனக்குத்தான்."

"எனக்கா? எனக்கு என்ன கொறச்சல்?"

"எம்மேல இருக்க கோவம் உனக்குப் போகணும்னு சொல்லிருக்கேன். போச்சுன்னா அடுத்த சித்திரைக்கு நீ தீச்சட்டி எடுக்கணும்."

"நல்லாருக்கே! நேந்தது நீங்க, சட்டி நானா?"

"பின்ன? கோவம் யாரோடது?"

திருப்பூருக்குப் போய்விட்டாள். எதிர்வீட்டில் வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள், நல்லவர்கள்தான், ஒன்றும் விசாரிக்க மாட்டார்கள். போன வாரம் வீரபாண்டிக்குப் போய், இந்தச் சித்திரைக்கு என் பேரில் தீச்சட்டிக்குச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டே சிரிக்கிறார்.